இருபத்தேழு பை பதினான்கு

"சார், பழைய நம்பரா புது நம்பரா? ரெண்டுமே கீது சார் இங்க." மாத்திரை கொண்டுவந்தவர் இன்று காலை போனில் கத்தினார். அடையாற்றில் இத்தனை காலம் கழித்தும் இந்தக் கேள்வி ஓயவில்லை. கீழே போய் வாங்கி வந்தேன். விழுங்கத் தோன்றவில்லை, சாதிக் ஞாபகம் வந்துவிட்டது.

தி. நகரில் ஒரு புடவைக்கடை மாடியில் நானும் சாதிக்கும் சி மொழியில் புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தோம். மாடி முழுக்கப் புதுத்துணியின் கஞ்சி வாசனை. இன்றும் கல்யாண வீடுகளில் புதுப்புடவை வாசம் வந்தால் எனக்குக் கம்ப்யூட்டர்தான் நினைவுக்கு வரும். வேலை எனக்குச் சுமாராகத்தான் வரும். சாதிக் எழுதிவைத்த குட்டிக் குட்டி நிரல் துண்டுகளை, ஃபங்ஷன்களை, எடுத்து ஒட்டித்தான் என் பிழைப்பு ஓடியது. காற்புள்ளி வரும் இடத்தில் வரியைப் பிரிக்க ஒன்று, எழுத்தாக வரும் எண்ணை நிஜ எண்ணாக மாற்ற ஒன்று.

அந்த இரண்டாவது, இலக்கங்களை மட்டும் படிக்கும். வேறு எது வந்தாலும் நின்றுவிடும், நின்றதை யாரிடமும் சொல்லாது. தனியார் ஆம்புலன்ஸ்காரர் ஒருவருக்காக, முகவரிகளை வரிசைப்படுத்தி டிரைவருக்குச் சீட்டு அச்சடிக்கும் வேலை வந்தது. கதவு எண்களை அதன் வழியாகத்தான் அனுப்பினோம். நம் ஊரில் 27/14 என்றால் புது எண் இருபத்தேழு, பழையது பதினான்கு. சீட்டில் 27 மட்டும் வந்தது.

"நடுவுல அந்த 'பை' கோடு வந்தா நின்னுடுது மச்சி. அடுத்த வாரம் சரி பண்ணிடறேன்" என்றான் சாதிக்.

அதற்குள் அவன் அப்பாவுக்கு நெஞ்சுவலி. வீட்டில் அதே ஆம்புலன்ஸைத்தான் கூப்பிட்டு, 27/14 என்று கதவு எண் சொன்னார்கள். மயிலாப்பூரில் அவர்கள் சந்தில் அப்போதும் பழைய எண்கள்தான் சுவர்களில் இருந்தன. வண்டி சந்தின் மறுகோடியில், பழைய எண் 27 என்று எழுதிய ஒரு பூட்டிய வீட்டின் முன் நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. சத்தம் கேட்டு ஓடிய சாதிக், டிரைவர் கையிலிருந்த சீட்டைப் பார்த்தான். யாரும் அவனுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அப்பா வழியிலேயே போய்விட்டார். "முன்னாடியே வந்திருந்தாலும் கஷ்டம்தான்" என்றார் டாக்டர். சாதிக் நம்பவில்லை. நானும் நம்பவில்லை, நம்பியதுபோல் பேசினேன்.

"எங்க நின்னுச்சுன்னு சொல்ற ஃபங்ஷனும் சி-லயே இருந்திச்சு மச்சி. நான்தான் அத எடுக்கல" என்றான். அதோடு வேலையை விட்டுவிட்டு, மாமாவின் மூக்குக்கண்ணாடிக் கடையில் போய் உட்கார்ந்தான்.

பிறகு யாருக்குமே அவன் கதவு எண் சொன்னதில்லை. கேஸ் சிலிண்டர்காரரோ, உறவினரோ, எல்லாருக்கும் ஒரே பதில்தான். "முனைக்கு வா, நான் நிக்கிறேன்." வெயிலில், மழையில், தலை நரைத்த பிறகும் தெருமுனையில் வந்து நிற்பான். "வீடு தெரியும்டா" என்று நான் எத்தனை முறை சொன்னாலும் கேட்க மாட்டான். அவன் அப்படி நிற்பதைப் பார்க்க எனக்கு அழுகை வரும்.

புடவைக்கடை இடத்தில் இப்போது நகைக்கடை. அந்த ஃபங்ஷன்களை இன்று யாரும் கையால் எழுதுவதில்லை. போன மழைக்காலத்தில் சாதிக்கின் மகள் போன் செய்தாள். "அப்பா போயிட்டாங்க அங்கிள்."

அவன் தெருமுனையில் ஆட்டோவை நிறுத்தி இறங்கி, அங்கேயே நின்றுவிட்டேன்.

"யாருக்கு சார் வெயிட் பண்ணிகினு கீறீங்க?" என்று ஆட்டோக்காரர் கேட்டார்.

யாருக்கும் இல்லை என்று சொல்லிவிட்டு, அந்த வீட்டுக்கு முதல்முறையாகத் தனியாக நடந்தேன்.