காகிதத்தில் நின்ற கால்

மருத்துவமனையின் கீழ்த்தளத்தில், எலும்பைத் தாங்கிப் பிடிக்கும் ஸ்ப்ளின்ட் செய்பவருக்குப் பெயர் 'பட்டை அக்கா'. வெந்நீரில் போட்டால் இளகும் பிளாஸ்டிக் தகடு, கத்தரிக்கோல், ஒட்டுப்பட்டைச் சுருள்: அவ்வளவுதான் அவர் ராஜ்ஜியம். கால் பெருவிரல் பக்கத்து விரல் மேல் சாய்ந்து, அடியெலும்பு கோலிக்குண்டாய்ப் புடைத்தவர்கள் அவரிடம் வருவார்கள். விரலை மெல்ல விலக்கி, தகட்டை வளைத்துப் பட்டை மாட்டுவார். பொய் மட்டும் சொல்லமாட்டார்.

"எலும்பு நேராகாது, வலி அடங்கும். நேராக்கித் தரேன்னு எவனாவது சொன்னா, அவன் உங்க காலைப் பாக்கல, பர்ஸைப் பாக்குறான்."

மூன்று மாதத்துக்கு முன் ஸ்ப்ளின்ட் வாங்கிப்போன ஓட்டல் வரவேற்பாளர் பெண் ஒருநாள் நொண்டிக்கொண்டே திரும்பி வந்தார். வலி கூடியிருந்தது. அக்காவுக்கு முகம் சுண்டிவிட்டது. தன் கைவேலையில்தான் கோளாறோ என்று ஸ்ப்ளின்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கோளாறு இல்லை.

"தூங்கும்போது மாட்டுறியா?"

"ஒருநாள் தவறல அக்கா. எங்கம்மாவுக்கும் இதே கால். என் தலையெழுத்து."

"தலையெழுத்து கால் வரைக்குமா இறங்கும்? கால்வாகு அம்மா குடுத்தது, சரி. இந்த ஷூ யார் குடுத்தது?"

"ஓட்டல் யூனிஃபார்ம். போடலைன்னா வேலை போயிடும்."

அக்கா தரையில் காகிதம் விரித்து, அந்தப் பெண்ணை ஏறி நிற்கச் சொல்லி, பாதத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடிழுத்தார். அதன்மேல் கூர்மூக்கு ஷூவை வைத்தார். இருபுறமும் வரைந்த கால் ஒரு விரற்கடை வெளியே நின்றது.

"வீட்டுல நான் இழுத்துப் பிடிக்கிறேன். வேலையில உங்க மேனேஜர் பத்து மணி நேரம் தள்ளுறாரு. யார் ஜெயிப்பா? நான் வந்து அவர்கிட்டப் பேசட்டுமா?"

"வாங்க. ஆனா என் வேலைக்கு வேட்டு வெச்சிராதீங்க."

"ஷூவுக்குத்தான் வேட்டு."

மறுநாள் வேலை முடிந்ததும் அக்கா காகிதத்தைச் சுருட்டிக்கொண்டு ஓட்டலுக்கே போனார்.

"வர்றவங்க கண்ணுக்கு அழகா இருக்கணும்ல, மேடம்?" என்றார், காகிதத்தைப் பார்த்த மேனேஜர்.

வரவேற்பு மேடை நெஞ்சுயரம் இருந்தது. "எந்த விருந்தாளி சார் இதைத் தாண்டி எட்டிக் காலைப் பாத்தாரு? ஆம்பளைங்களுக்கு மட்டும் படகு மாதிரி ஷூ. உங்களுதையும் கோடு போட்டுப் பாக்கலாமா?"

மேனேஜர் காலைப் பின்னால் இழுத்துக்கொண்டார். "எழுதிக் குடுங்க" என்றார். அக்கா அங்கேயே நின்று, கோடு போட்ட அந்தக் காகிதத்திலேயே 'இந்தக் காலுக்கு அகல ஷூ வேண்டும்' என்று எழுதினார்.

பத்து நாள் கழித்து அந்தப் பெண் அகல ஷூவில் வந்தார். புடைப்பு அப்படியேதான் இருந்தது, நொண்டல் குறைந்திருந்தது. பின்னால் இன்னும் நான்கு பெண்கள், கூர்மூக்கு ஷூக்களைக் கையில் பிடித்தபடி.

"எனக்கு மட்டும்தான் அகல ஷூ போட விட்டாங்க அக்கா. இவங்களுக்கு ஆளுக்கொரு காகிதம் வேணுமாம்."

"ஆளுக்கொண்ணா? குடுத்துட்டாப் போச்சு!" அக்கா பென்சிலைச் சீவினார். "வரிசையா ஏறுங்க. கூசும். சிரிச்சீங்கன்னா கோடு கோணிடும்."