கண்ணாடிப் பெட்டியில் வெந்த நெத்திலி

யுத்தம் முடிந்த சமயம், கல்யாணமாகி ராயபுரத்துக்கு வந்தேன். அந்த வருஷம் மழைக்காலத்துக்கான கருவாட்டை நானே காய வைக்கிறேன் என்று மாமியாரிடம் சொல்லிவிட்டேன். நெத்திலியை மணலில் பரப்பினால் காக்கை விடாது. சத்தம் போட்டு விரட்ட வேண்டும். கரையில் வலை பிரிக்கும் ஆண்களுக்கு முன்னால் எனக்குக் குரலே எழும்பாது. கையை மட்டும் வீசுவேன். காக்கைகள் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து பார்க்கும்.

என் வீட்டுக்காரர் இதைக் கவனித்திருக்கிறார். ரயில் பட்டறையில் கழித்துப்போட்ட ஜன்னல் கண்ணாடிகளைக் கேட்டு வாங்கி வந்து, பலகை அடித்து, மூடி போட்ட பெட்டி ஒன்று செய்தார்.

"நீ வாயே தொறக்க வாணாம். வெயிலு உள்ள பூடும், காக்கா போவாது" என்றார். எனக்காக ஒருவர் அவ்வளவு யோசித்தது அதுதான் முதல் தடவை.

ஞாயிற்றுக்கிழமை காலை பாதி நெத்திலியைப் பெட்டியில் பரப்பி மூடினோம். மத்தியானம் பார்த்தால் கண்ணாடியின் உட்புறமெல்லாம் நீர்த்துளி. மூடியைத் தூக்கியதும் அனல் முகத்தில் அடித்தது. மீன் காயவில்லை, வெந்து குழைந்திருந்தது.

மாமியார் எட்டிப் பார்த்தார். "கருவாடு போடச் சொன்னா ரெண்டு பேரும் கொழம்பே வச்சிகீறீங்க! புளி ஊத்துனியாடி?"

காரணம் எனக்குப் பல வருஷம் கழித்து, என் மகன் பள்ளிப் பாடத்தைச் சொன்னபோதுதான் விளங்கியது. வெயில் கண்ணாடி வழியே உள்ளே போய்விடும். உள்ளே சூடான காற்றுக்கும் மீனின் ஈரத்துக்கும் வெளியேற வழியில்லை. பூமிக்கும் கிட்டத்தட்ட இப்படித்தானாம். ஆனால் அங்கே மூடி எதுவும் கிடையாது. தரையிலிருந்து கிளம்பும் வெப்பத்தைக் காற்றில் கலந்த நீராவியும் கரியமில வாயுவும் வாங்கிக்கொண்டு, ஒரு பங்கைத் திரும்பக் கீழே அனுப்புகின்றன. அது இல்லாவிட்டால் நாமெல்லாம் விறைத்துப் போவோம் என்றான். கரியை எரிக்க எரிக்க அந்த வாயு பெருகிச் சூடு கூடுமாம்.

அன்றைக்கு இதெல்லாம் எங்களுக்கு எங்கே தெரியும்? மீதிப் பாதி நெத்திலி கூடையில் இருந்தது. அதுவும் போனால் மழைக்கு ஒன்றுமில்லை. மாமியார் இனி எதையும் என்னை நம்பித் தரமாட்டார். மணலில் பரப்பினேன். உடனே காக்கைகள் இறங்கின. என் வீட்டுக்காரர் பெட்டியருகே தலை குனிந்து நின்றிருந்தார். அவர் அப்படி நிற்பதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

"தே! போ அந்தாண்ட!" என்று கத்திவிட்டேன்.

வலைக்காரர்கள் எல்லோரும் திரும்பினார்கள். ஒருவர், "யம்மாடி! வெரட்டறது காக்காவையா, எங்களையா?" என்றார்.

"காக்காவத்தாண்ணே" என்றேன்.

கரையே சிரித்தது. என் வீட்டுக்காரரும் தலையைத் தூக்கிச் சிரித்தார். நான் இன்னொரு தடவை, இன்னும் பலமாகக் கத்தினேன்.