அளவு ஜாக்கெட்டை நம்பாத நூர் அக்கா

காலை ஏழு மணிக்கு எங்கள் இசைக்குழுவின் வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது: 'நூர் அக்கா காலமானார்.' நான் நம்பவில்லை. சென்ற ஆண்டு இதே இடத்தில் எங்கள் டிராம்போன்காரரையும் இப்படித்தான் வழியனுப்பினோம். எல்லோரும் கும்பிடும் கைகளைப் போட்டார்கள். நான் நாலு வரி உருக்கமாக எழுதினேன். மத்தியானம் அவரே வந்து, 'எழுத்து நல்லா இருக்கு, ஆளைத்தான் மாத்தணும்' என்று பதில் போட்டார். இறந்தது அதே பெயருடைய அவருடைய பெரியப்பா.

ஆகவே பழைய வண்ணாரப்பேட்டையில் அக்காவின் தையல் கடைக்கு போன் செய்தேன். ஐந்து தடவை மணி அடிக்காமல் அக்கா போனை எடுத்ததே கிடையாது. உடனே எடுப்பவர்களுக்குக் கையில் வேலை இல்லை என்று அர்த்தம் என்பார். அன்று முதல் மணி முடிவதற்குள் மருமகள் எடுத்துவிட்டாள். அப்போதுதான் நம்பினேன்.

இதைப் படிக்கும் உங்களில் பாதிப்பேர் அவர் தைத்த துணியில் மேடை ஏறியவர்கள், மீதிப்பேர் அவர்களைப் பெற்றவர்கள். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ராயபுரத்தில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் ஒத்திகை பார்க்கும் மேற்கத்திய இசைக்குழு எங்களுடையது. மாதா கோயில் பாடகர் குழுவிலிருந்து வந்தவர்கள், ஒலிப்பதிவுக் கூடங்களில் வாசித்து ஓய்ந்தவர்கள், துறைமுக குமாஸ்தாக்கள் என்று முப்பத்தெட்டுப் பேர். ஒவ்வொரு டிசம்பரிலும் பதினெட்டு வயதுக்குள் இருக்கும் கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று முன்னால் நின்று தனியாக வாசிக்கும். முப்பத்தெட்டுப் பேரும் பின்னால் துணை வாசிப்பார்கள். அந்தப் பிள்ளைக்கு மேடை உடை தைப்பது நூர் அக்கா. நான் அறிவிப்பாளர்; குழுவின் மலரில் இந்தப் பத்தியை எழுதுவதும் நான்தான். மேடையில் நான் வாசிக்கும் ஒரே கருவி மைக்.

முதல் முறை அவரிடம் போனபோது எல்லோரையும்போல அளவு ஜாக்கெட்டை எடுத்துப் போனேன். அக்கா அதை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார்.

"இது யாருது?"

"என்னுதுதான்."

"எப்போ?"

"ரெண்டு வருஷம் இருக்கும்."

"அப்போ அது வேற ஆளு. அந்தம்மாவ வரச்சொல்லு, தைச்சிக் குடுக்கறேன். ஒனக்கு வோணும்னா கைய தூக்கு."

கையைத் தூக்கினேன். டேப் என்னைச் சுற்றி வர எடுத்துக்கொண்ட நேரத்தை வைத்து அந்தம்மாவுக்கும் எனக்கும் எவ்வளவு தூரம் என்று தெரிந்துகொண்டேன்.

தனியாக வாசிக்கும் பிள்ளைகளிடம் இன்னும் மோசம். வயலின் பிள்ளை வயலினோடு வர வேண்டும், கடைக்குள்ளே நின்று வாசிக்க வேண்டும், வாசிக்கும்போதுதான் அளவு. "நின்னுகினு எடுக்கற அளவு நிக்கறதுக்குத்தாம்மா. இதுங்க நிக்கவா போவுதுங்கோ" என்பார். வில் பிடிக்கிற கைக்கு அக்குளில் ஒரு சதுரத் துண்டு வைத்துத் தைப்பார். வயலின் உட்காரும் இடது தோளில் ஒரு மணி, ஒரு ஜரிகை வராது. பியானோ பையன் வந்தால் வெட்டுமேசை முன்னால் உட்கார வைத்து, இல்லாத பியானோவை வாசிக்கச் சொல்வார். தெருவில் போகிறவர்கள் நின்று பார்ப்பார்கள்.

பெற்றோர் சொல்லும் எதையும் அவர் நம்பியதில்லை. ஒரு தகப்பனார் தன் மகன் தினமும் எட்டு மணி நேரம் வயலின் பழகுவதாகப் பெருமை பேசினார். அக்கா பையனின் முகவாயைத் தூக்கி, இடது பக்கம் கீழே உற்றுப் பார்த்தார்.

"எட்டு மணி நேரம் கட்டைய அழுத்திகினு இருந்தா இந்த எடம் கறுத்துக் காச்சிப் போயிருக்கணுமே. இது பவுடர் போட்ட கழுத்தாச்சே, சார்."

பையன் தன் செருப்பைப் பார்த்தான். அந்த டிசம்பரில் அவன் இரண்டாம் பகுதியில் எங்கோ காணாமல் போனான். எங்கள் இசை நடத்துநர் தேடிப் பிடித்துக் கூட்டிவந்தார்.

எப்போதும் அக்கா சொன்னதே சரி என்று எழுதினால் நீங்கள் என்னைச் சந்தேகப்படுவீர்கள். அடுத்த வருடம் வந்த பெண்ணின் கழுத்தில் ஒரு புள்ளிகூட இல்லை. "இது தேறாது" என்றார். அவள் வாசித்த வாசிப்பில், இடைவேளை வரை வழக்கமாகத் தூங்கும் எங்கள் டபுள்பாஸ்காரரே விழித்திருந்தார். அவள் மடித்த கைக்குட்டையை வைத்துப் பழகுகிறவள், அதனால் தழும்பு இல்லை. அக்காவிடம் போய்ச் சொன்னேன். "கைக்குட்டையா. அத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?" என்றார். அவ்வளவுதான் வருத்தம். ஆனால் அதற்குப் பிறகு எந்தப் பிள்ளை வந்தாலும் கைக்குட்டையையும் கேட்டார்.

இனி பெனிட்டாவின் கதை. நான்கு ஆண்டுகளுக்கு முன் நடந்தது. உங்களுக்குத் தெரிந்த கதைதான் என்று நினைப்பீர்கள். தெரியாது.

பெனிட்டா எர்ணாவூர்ப் பெண், வயலின் வாசிப்பவள், அப்போது பதினேழு வயது. அப்பா சேவியர் கன்டெய்னர் யார்டில் ஃபோர்க்லிப்ட் ஓட்டுபவர். மகளின் ஒத்திகை நாட்களில் ஷிப்ட் மாற்றிக்கொண்டு வந்து, மண்டபத்தின் கடைசி பெஞ்சில் சீருடையோடு உட்கார்ந்திருப்பார். எர்ணாவூரிலிருந்து எங்களுக்குத் தனி வாசிப்புக்கு வந்த முதல் பிள்ளை அவள்தான். அடுத்த டிசம்பருக்குள் பதினெட்டு முடிந்துவிடும். ஆகவே அவளுக்கு இந்த ஒரு மேடைதான். அவளால் முடியாமல் போனால் வாசிப்பதற்கு ஆதித்யா என்ற பியானோ பையனை மாற்றாகத் தயாராக வைத்திருந்தோம். கூவத்துக்கு அந்தப் பக்கம், வசதியான வீட்டுப் பையன். அவனுடைய அம்மா ஒவ்வொரு ஒத்திகைக்கும் வந்து பெனிட்டாவைப் பார்த்துப் புன்னகை செய்வார். அந்தப் புன்னகை எனக்கு அன்றே பிடிக்கவில்லை.

கச்சேரி சனிக்கிழமை. உடையைத் திங்கட்கிழமை தருவதாக அக்கா சொல்லியிருந்தார். சொன்ன தேதியில் கொடுக்கும் தையல்காரர் நான் பார்த்த வரையில் அவர் ஒருவர்தான். திங்கட்கிழமை போனால், "நாளைக்கு வா." செவ்வாய்க்கிழமையும் "நாளைக்கு வா." புதன்கிழமை நான் தெருமுனையில் ஆட்டோவை விட்டு இறங்கும்போது, கடையிலிருந்து ஆதித்யாவின் அம்மா வெளியே வந்து காரில் ஏறினார். உள்ளே போனேன். தையல் மிஷின் பக்கத்தில் ஒரு அல்வா டப்பா. இரண்டு துண்டு காலி.

பத்தி எழுத உட்கார்ந்தால் நொண்டும் என் மூளை, இந்த மாதிரி விஷயத்துக்கு மட்டும் ஓட்டமாக ஓடும். உடையைக் கொடுக்காமல் இழுத்தடித்து, பெண்ணைப் பதறவைத்து, பையனை மேடையேற்றப் பார்க்கிறார்கள். மூன்று பேரிடம் மட்டும் சொன்னேன், யாரிடமும் சொல்லாதீர்கள் என்ற நிபந்தனையோடு. சாயங்காலம் திருவொற்றியூரிலிருந்து எங்கள் செல்லோக்காரர் எனக்கே போன் செய்தார்.

"விஷயம் தெரியுமா? மூணு டப்பாவாம். ஒண்ணுல நகையாம்."

"அப்படியா?" என்றேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், பாதி நம்பவும் செய்தேன்.

வியாழக்கிழமை சேவியரும் பெனிட்டாவும் நானும் சேர்ந்து போனோம்.

"இன்னாக்கா, நடுவுல ஒரு நாளுதான் கீது. மத்த டைலருங்க மாரி நீயும் இழுத்துகினு கீறியே" என்றார் சேவியர்.

"டிரஸ் திங்கக்கெழமையே ரெடி."

"அப்போ யார் சொல்லி நிறுத்தி வெச்சிருக்கீங்க?" என்று நான் அல்வா டப்பாவைப் பார்த்துக்கொண்டே கேட்டேன்.

அக்கா டப்பாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ரைட்டரம்மா, நீ அந்த ஸ்டூல்ல ஒக்காரு. ஒன்னுது அப்பறம்."

கருநீல கவுனை எடுத்துவந்து பெனிட்டாவைப் போட்டுக்கொள்ளச் சொன்னார். திரைக்குப் பின்னாலிருந்து அவள் வந்தபோது எனக்கே தெரிந்தது. இடது தோள் காதை நோக்கி ஏறியிருந்தது. பாவாடை விளிம்பு இடது பக்கம் இரண்டு விரல் உயரத்தில் நின்றது.

"மொதல்ல என் கத்திரி மேலதான் டவுட்டு" என்றார் அக்கா. "பிரிச்சி தைச்சேன். கோணல். அப்பறம் மிஷின் மேல டவுட்டு. மருமவ மிஷின்ல தைச்சேன். அப்பவும் கோணல். தரையில போட்டா துணி நேரா கீது. இவ மேல போட்டாத்தான் கோணிக்குது."

"வயலின் வாசிக்கற பசங்க தோளு அப்டித்தான்கா இருக்கும்" என்றார் சேவியர்.

"ஆகஸ்டுல அளவு எடுக்கசொல்ல இல்லியே, நைனா." பெனிட்டாவிடம் திரும்பினார். "பாப்பா, கழுத்துக்குப் பின்னாடி கொக்கி கீது பாரு. எடது கையால போட்டுக்கோ."

"நீயே போட்டு வுடுக்கா."

"மூணு தபா போட்டுப் பாக்க வந்தப்ப நான்தான் போட்டு வுட்டேன். இப்போ நீ போடு."

பெனிட்டா கையைத் தூக்கினாள். தோள் வரை வந்தது, அங்கே நின்றது. அப்பாவைப் பார்த்துச் சிரித்தாள். மறுபடி தூக்கினாள், இந்த முறை வலது கையால் இடது முழங்கையைத் தள்ளினாள். அப்போது சிரிப்பு கலைந்துவிட்டது.

"எத்தினி நாளா?" என்று சேவியர் கேட்டது எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

"ரெண்டு மாசமா."

"ஏம்மா சொல்லல?"

"சொன்னா அவனுக்குக் குட்த்துடுவாங்கப்பா."

பிறகு அவள் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "சனிக்கெழம ஒரே நாளுக்கா. இருவத்தஞ்சு நிமிஷம். அப்பறம் எந்த டாக்டராண்ட சொன்னாலும் வர்றேன்."

சேவியர் அக்காவைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அவர் வெறும் தையல்காரர். இதில் முடிவு சொல்லும் உரிமையை யாரும் அவருக்குக் கொடுக்கவில்லை. நடத்துநர் இருக்கிறார், கமிட்டி இருக்கிறது, பெற்ற அப்பா எதிரிலேயே நிற்கிறார். ஆனால் எங்கள் எல்லோருக்கும் அந்தச் சனிக்கிழமை வேண்டியிருந்தது. அக்கா ஒருவருக்குத்தான் வேண்டியிருக்கவில்லை.

"கொக்கிய நீயே போட்டுக்கோ. போட்டுட்டா எடுத்துகினு போ" என்றார்.

பெனிட்டா மூன்றாவது முறை முயன்றாள். யாரும் உதவிக்குப் போகவில்லை. முடியவில்லை. திரைக்குப் பின்னால் போய் கவுனைக் கழற்றி, மடித்து மேசையில் வைத்துவிட்டு, யாரையும் பார்க்காமல் தெருவுக்கு இறங்கிவிட்டாள்.

மறுநாள் டாக்டர், கழுத்தருகில் நரம்பு அழுந்தியிருக்கிறது என்றார். இடது கையில் இரண்டு விரல்கள் மரத்துப்போகத் தொடங்கியிருந்ததை அவள் அவரிடம்தான் ஒப்புக்கொண்டாள். மாதக்கணக்கில் வயலினைத் தொடக்கூடாது. சனிக்கிழமை வாசித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் தனியாகக் கேட்டேன். "ஏதாவது ஆகியிருக்கலாம், ஒன்றும் ஆகாமலும் போயிருக்கலாம்" என்றார். அந்தப் பதில் இன்றுவரை என்னைத் தூங்கவிடாமல் படுத்துகிறது.

பெனிட்டாவின் பெயர் அச்சடித்த நிகழ்ச்சித் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, ஆதித்யாவின் பெயரை நான்தான் மைக்கில் அறிவித்தேன். சொல்ல மனம் வரவில்லை, ஆனால் பையன் நன்றாகவே வாசித்தான். கைதட்டல் அடங்குவதற்குள் கடைசி வரிசையிலிருந்து அப்பாவும் மகளும் எழுந்து போனார்கள்.

பத்து மாதம் கழித்துப் பெனிட்டா வந்து எங்கள் இரண்டாம் வயலின் வரிசையில் உட்கார்ந்தாள். தனி வாசிப்புக்கு வயது கடந்துவிட்டது. அக்காவின் கடைப்பக்கம் அவள் போகவே இல்லை. மேடைக்கு ரெடிமேடு உடைதான். "பொண்ணு இன்னும் கோவமா இருக்குக்கா" என்று ஒருநாள் சொன்னேன். "இருக்கட்டும். கோவத்துக்குக் கை வலிக்காது" என்றார், நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே.

அந்தக் கச்சேரி முடிந்த வாரமே, புது ஜாக்கெட் சாக்கில் அல்வாவைப் பற்றிக் கேட்டுவிட்டேன்.

"ஆதித்யா அம்மா அன்னிக்கு எதுக்குக்கா வந்தாங்க?"

"பொண்ணு ஒடம்பு நல்லா கீதான்னு கேட்டுச்சு. இன்னாத்துக்குக் கேக்குதுன்னு நானும் யோசிச்சேன். பதில் சொல்லல. அல்வாவ திருப்பியும் குடுக்கல."

அந்தம்மா அக்கறையில் கேட்டாரா, வேவு பார்க்க வந்தாரா என்று அக்காவாலேயே சொல்ல முடியவில்லை. டேப் என் கழுத்தைச் சுற்றியிருந்தபோது, "மூணு டப்பா, நகைன்னு யாரோ சொல்லிகினு கீறாங்களாமே. யாருன்னு தெரியுமா?" என்றார்.

"தெரியாதுக்கா."

டேப் ஒரு கணம் நின்றது. "கைய தூக்கு" என்றார்.

அக்கா காலமான அன்று, உடலை அடக்கம் செய்ய எடுத்துப்போன பிறகு, பெண்கள் இருந்த அறையில் பெனிட்டா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "கடைசி வரைக்கும் நான் பேசவே இல்ல, ஆன்ட்டி. பேசிருக்கணுமான்னும் தெரில. சோலோ போனது போனதுதான்" என்றாள். சொல்லிவிட்டு எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய இடது கை விரல்கள் முழங்கால் மேல் ஏதோ ஒரு வரியை வாசித்துக்கொண்டிருந்தன. அவளுக்கே அது தெரியவில்லை. நான் எண்ணிப் பார்த்தேன். நான்கு விரலும் அழுத்தின, நான்கும் எழுந்தன.

அல்வா டப்பாவை நம்பி அக்காவைத் தவறாக நினைத்தவர்கள் உங்களில் சிலர் இன்னும் இருப்பீர்கள். அந்தக் கதையைக் கிளப்பியது நான். அக்கா கேட்டபோது சொல்லியிருக்க வேண்டும்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது, பொய் சொன்ன அன்று அளவு எடுத்த அந்த ஜாக்கெட். கைக்கு வந்ததும் வீட்டில் உள்பக்கத்தை வெளியே திருப்பி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். எங்காவது பழிவாங்கியிருப்பார், ஒரு இடத்தில் இறுக்கியிருப்பார், ஒரு கொக்கியைத் தளர்த்தியிருப்பார் என்று தையல் தையலாகத் தேடினேன். ஒன்றும் இல்லை. நான் இன்னும் பெருப்பேன் என்று சந்தேகப்பட்டு, இரண்டு பக்கமும் உள்ளே துணி விட்டு இரட்டைத் தையல் போட்டிருந்தார். அந்தச் சந்தேகம் பலித்துவிட்டது. சென்ற மாதம் ஒரு தையலைப் பிரித்தேன். இன்னொன்று இருக்கிறது.