இடது பக்கத்துக் கதவு

உள்ளங்கையில் அடங்கிவிடும் சின்னக் கருவி அது. காரின் தகட்டில் வைத்தால் பெயிண்ட் எவ்வளவு தடிமன் என்று எண்ணில் காட்டும். எங்கேயாவது இடித்து, பட்டி பார்த்து, மறுபடி அடித்திருந்தால் எண் எகிறிவிடும். மைசூரில் பழைய கார்களை வாங்கி விற்கும் இடமொன்றில் விலை மதிப்பிடும் வேலை எனக்கு. கார்க்காரர்கள் மறைத்த எத்தனையோ விபத்துகளை அந்தக் கருவி எனக்குச் சொல்லியிருக்கிறது. என் அண்ணனைப் பற்றியும் அதுதான் முதலில் சொன்னது.

அண்ணன் என்னைவிட எட்டு வயது மூத்தவன். ரயில்வே வேலைக்காக அப்பா இந்த ஊருக்கு வந்ததால் நாங்களும் மைசூர்க்காரர்கள் ஆனோம். தொழிற்சாலையில் இன்ஜினியர் வேலை பார்த்த அண்ணன் காலர் நைந்த சட்டையைத் திருப்பித் தைத்துப் போட்டுக்கொள்ளும் ரகம். அவனுடைய ஒரே ஊதாரித்தனம் அந்தக் கருநீலக் கார். யாரோ ஓட்டி அலுத்துப்போன வெளிநாட்டுக் கம்பெனி வண்டி. ஆறு கியர், டர்போ எஞ்சின். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். வேகமான காரை வாங்கும் வசதி உள்ளவர்கள் புதிதாகவே வாங்கிக்கொள்வார்கள். பழையதைத் தேடி வருகிறவர்கள் உதிரிபாகத்தின் விலையைக் கேட்டுப் பின்வாங்கிவிடுவார்கள். அதனால் சாதாரணக் குடும்பக் காரைவிட அதன் விலை சீக்கிரம் சரியும். அவனோ போதாததற்கு சைலன்சரை மாற்றினான், எஞ்சினின் வேகத்தைக் கூட்ட அதன் மென்பொருளையும் மாற்றினான். "இதுக்கெல்லாம் ஒருத்தரும் கூடக் குடுக்க மாட்டாங்கண்ணா, குறைப்பாங்க" என்றேன். "விக்கறதுக்கா வாங்கினேன்?" என்று சிரித்தான். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் நஞ்சன்கூடு சாலையில் அதை ஓட்டிப் போய்விட்டு, முகமெல்லாம் மலர்ந்து இட்லி வாங்கிக்கொண்டு வருவான்.

அப்படிப்பட்டவன் ஒருநாள் நான் வேலை செய்யும் இடத்துக்கே வண்டியோடு வந்து, "சும்மா ஒரு விலை சொல்லு பாப்பா" என்றான். விளையாட்டாகத்தான் கருவியை எடுத்தேன். வலது பக்கம் சுத்தமாக இருந்தது. இடது பக்கம் முன்சக்கரத்துக்கு மேலே எண் எகிறியது. கதவில் அதைவிட அதிகம். பெயிண்ட் மேல் பெயிண்டாக மூன்று முறையாவது அடித்திருக்க வேண்டும். பக்கக் கண்ணாடியும் புதிது. "ஆட்டோக்காரன் உரசிட்டான்" என்றான். "மூணு தடவையுமா?" என்று கேட்டேன். அவன் மறுபடி வண்டியில் ஏறிக்கொண்டான். வண்டியை நிழலில் நிறுத்தச் சொன்னேன். இடது ஓரத்தில் இடுப்பளவு உயர ஆரஞ்சுக் கூம்பு ஒன்று நின்றது. நேராக அதன்மேல் ஏற்றினான். சத்தம் கேட்டுத்தான் பிரேக் போட்டான். இறங்கி வந்து பார்த்து, "இதை எப்ப வெச்சீங்க?" என்றான். காலையிலிருந்து அது அங்கேதான் நின்றது.

கண் டாக்டர் ஒரு வரைபடத்தைக் காட்டினார். கறுப்பு வட்டத்தின் நடுவே ஒரு வெள்ளைப் பொட்டு. அண்ணனுக்கு மிஞ்சியிருந்த பார்வை அவ்வளவுதான். ஓரப் பார்வை போய்விட்டது, நடுவில் இருப்பதும் மெல்லக் குறையும், அவனுக்கு வந்திருப்பதற்கு இப்போதைக்குச் சிகிச்சை இல்லை, இனி வண்டி ஓட்டக்கூடாது என்றார். "எஷ்டு வர்ஷ, டாக்டர்?" என்று மட்டும் கன்னடத்தில் கேட்டான். எத்தனை வருடம் என்று தன்னால் சொல்ல முடியாது என்றார் அவர். திரும்பும்போது நான் ஓட்டினேன். அண்ணி பின்சீட்டில் சத்தமில்லாமல் அழுதுகொண்டு வந்தாள். ஒரு வளைவுக்கு முன்னால் அண்ணன் மெதுவாக, "கியரை மூணாவதுக்கு இறக்கு" என்றான்.

அதற்குப் பிறகு இரண்டு வருடம் வண்டி உறைக்குள்ளேயே நின்றது. ஞாயிற்றுக்கிழமைகளில் உறையை நீக்கி, எஞ்சினைக் கிளப்பி, உள்ளே உட்கார்ந்திருப்பான். விற்றுவிடலாம் என்றால், "இன்னும் ஆறு மாசம்" என்பான். எதற்கு அந்த ஆறு மாதம் என்று கேட்க எங்களில் யாருக்கும் துணிச்சல் இல்லை. ஒவ்வொரு முறையும் விலை இறங்கியிருக்கும். முன்பின் தெரியாதவர்களுக்கு முகத்துக்கு நேரே விலை சொல்லும் நான், அவனிடம் மட்டும் கூட்டித்தான் சொன்னேன். போனில் வரும் எழுத்தை அவனால் படிக்க முடியாமல் ஆன வாரத்தில் அவனே சொன்னான்: "வித்துடு பாப்பா. ஆனா நல்லா ஓட்டற ஆளாப் பாத்துக் குடு."

நான்கு மாதம் அலைந்தேன். இளைஞர்கள் வந்து ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். ஒருவரும் திரும்பி வரவில்லை. கடைசியில் பெங்களூரிலிருந்து ஒரு ஒர்க்‌ஷாப்காரர் வந்தார். இதே மாதிரி கார் இன்னொன்றுக்கு எஞ்சினும் கியர்பாக்ஸும் அவருக்கு வேண்டியிருந்தது. மிச்சத்தை உடைத்து எடைக்குப் போட்டுவிடுவாராம். வேறு ஆள் கிடைக்கவில்லை. சரி என்று சொல்லிவிட்டேன்.

"யாரு வாங்கறது?" என்று அண்ணன் கேட்டான். "ஒரு டாக்டர். இங்கதான், குவெம்புநகர்ல இருக்கார்" என்று என் வாயில் தானாக வந்தது. "ஹௌதா, அப்படியா? டாக்டருன்னா பதமா வெச்சுக்குவார்." பிறகு அவன் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். குளிர்ந்த எஞ்சினை எடுத்தவுடன் மிதிக்கக் கூடாது. இரண்டாவது கியர் கொஞ்சம் முரண்டு பிடிக்கும், அவசரப்படுத்தக் கூடாது. நீண்ட தூரம் ஓடி வந்தால் உடனே அணைக்கக் கூடாது, டர்போ ஆற வேண்டும். ஒரு பக்கம் நிறைந்து மறுபக்கமும் எழுதினேன். "மறக்காம அவர் கையிலயே குடு" என்றான். வண்டியை ஒரு லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். டாக்டருக்கு இரண்டு நாளாக வெளியூரில் வேலையாம், அதனால் லாரியோடு ஆள் அனுப்பியிருக்கிறார் என்று அண்ணனிடம் சொன்னேன். அண்ணிக்கு மட்டும் உண்மை தெரியும். அந்தக் காகிதம் இன்னும் என் கைப்பையில் கிடக்கிறது.

போன மாதம் ஒரு சாயங்காலம் அவன் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு மூவரும் உட்கார்ந்திருந்தோம். இப்போது அவனுக்கு வெளிச்சம் தெரிகிறது, ஆள் தெரிவதில்லை. முனையில் ஒரு கார் உறுமிக்கொண்டு திரும்பியது. அண்ணன் முகத்தை நிமிர்த்தினான். "பாப்பா, நம்ம வண்டி!" என்றான். எங்களைத் தாண்டிப் போனது வெள்ளை நிறத்தில் வேறேதோ கார்.

"பாரேன், சூடாகறதுக்கு முன்னாடியே மிதிக்கறார். அந்தக் காகிதத்தை அவர்கிட்ட குடுத்தியா இல்லையா?"

அண்ணி சட்டென்று எழுந்து உள்ளே போய்விட்டாள்.

"குடுத்தேண்ணா."

"அப்ப படிக்கல போல. இன்னொரு தடவ சொல்லு."

"சொல்றேண்ணா" என்றேன்.