ஹுரிஹிட்டும் எழுபது பங்கு ஸ்பிரிட்டும்

ராகியின் சேமிப்புப் புரதத்தில் ஒரு பகுதி தண்ணீரில் கரையாது. உப்புநீரிலும் கரையாது. எழுபது பங்கு ஸ்பிரிட்டும் முப்பது பங்கு தண்ணீரும் கலந்து, மாவைப் போட்டுச் சூடாக்கினால் கரையும். வடிகட்டி ஸ்பிரிட்டை ஆவியாக்கினால் கிண்ணத்தின் அடியில் படியும். மைசூரில் ஆராய்ச்சி மாணவியாக என் வேலை இவ்வளவுதான்.

அந்த வாரம் அடியில் எதுவும் படியவில்லை.

"திங்கட்கிழமைக்குள்ள புரதத்தைக் கண்ணால காட்டும்மா," என்றார் பேராசிரியர். "இல்லேன்னா மேஜையை வேற ஆளுக்குக் கொடுத்துடுவேன்."

அந்த வேறு ஆள் வாசலில் நின்று மேஜையைக் கண்ணாலேயே அளந்துகொண்டிருந்தார்.

ஸ்பிரிட்டின் வலு சரி. சூடு சரி. வடிதாள் புதிது. சந்தேகப்பட மிச்சம் மாவுதான். கல்லூரி எந்திரத்தில் கோதுமையும் அரைப்பார்கள். கோதுமைப் புரதமும் இதே ஸ்பிரிட்டில் கரையும். அதனால் ராகியை வீட்டுக்குக் கொண்டுபோய் அம்மாவிடம் அரைத்து வாங்கியிருந்தேன். டப்பாவைத் திறந்து முகர்ந்தேன். வாசனை நன்றாக இருந்தது. பச்சை மாவு அவ்வளவு நன்றாக மணக்காது.

"வறுத்தியாம்மா?" என்று வீட்டுக்குப் போனதும் கேட்டேன்.

"வறுக்காமலா? நனைச்சு, வாணலியில பொரிச்சு அரைச்சேன். ஹுரிஹிட்டுடி. பச்சை மாவைக் கொடுத்தனுப்பினா அங்க இருக்கறவாளுக்கு வயத்தை வலிக்காதா?"

"அங்க யாரும் சாப்பிடமாட்டா."

"சோதிச்சுப் பார்க்கன்னுதானே சொன்னே? வாயில போடாம என்னத்தைச் சோதிப்பா?"

கடும் சூடு பட்டால் புரதம் இறுகிவிடும், பிறகு ஸ்பிரிட்டில் கரையாது என்று விளக்கினேன்.

"அப்போ ஸ்பிரிட்டை மாத்து," என்றாள்.

ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை பச்சை ராகியை அரைத்துக் கொடுத்தாள், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

திங்களன்று இரண்டு கிண்ணங்களைப் பேராசிரியர் முன் வைத்தேன். பச்சை மாவின் கிண்ணத்தில் மஞ்சளாகப் படிந்திருந்தது. வறுத்த மாவின் கிண்ணத்தில் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை.

"வறுத்துப் பார்க்கணும்னு எப்படித் தோணித்து?"

"ஆத்துல தோணித்து."

"எவ்வளவு சூட்டுல கரையாம போறதுன்னு பார். மேஜை உன்கிட்டயே இருக்கட்டும்."

வாசலில் நின்றவர் போய்விட்டார். பேராசிரியர் வறுத்த மாவு டப்பாவை முகர்ந்தார். மதியம் மோர் வரவழைத்து, வெல்லமும் போட்டு, மிச்ச மாவைப் பிசைந்து சாப்பிட்டு முடித்தார். பச்சை மாவு டப்பாவை மட்டும் நான் பூட்டி வைத்தேன்.

சாயங்காலம் மேஜை தப்பியதை அம்மாவிடம் சொன்னேன். அவள் கேட்டது வேறு.

"சாப்பிட்டாளா?"

"சாப்பிட்டார்."

"யாருக்காவது வயத்தை வலிச்சுதா?"

"இல்லை."

அம்மா இன்னொரு படி ராகியை நனைக்கப் போனாள்.