சத்தம் போடாத இன்வெர்ட்டர்

இன்று காலை பழைய இன்வெர்ட்டரைக் கடையில் கொடுத்துவிட்டுப் புதிது வாங்கினேன்.

மாட்ட வந்த மெக்கானிக் அதை ஒற்றைக் கையில் தூக்கிக்கொண்டு வந்தார்.

“இம்புட்டு லேசா இருக்கே அண்ணே, தாங்குமா?”

“பழசுல கரண்டு செகண்டுக்கு அம்பது தடவ மாறும். அதுக்குப் பெரிய இரும்பு டிரான்ஸ்பார்மர் வேணும், அதான் இரையும். இதுல பல்லாயிரம் தடவ மாறுது. டிரான்ஸ்பார்மர் தீப்பெட்டி சைசு போதும். சத்தம் காதுக்கே எட்டாது.”

எனக்கு வேண்டியதும் அதுதான்.

அப்பா ஆக்சிஜன் மெஷினில் இருந்த இரண்டு வருடமும், கரண்ட் போய் இன்வெர்ட்டர் இரைந்தால் அம்மா போட்டது போட்டபடி அவர் அறைக்கு ஓடுவார், மெஷின் ஓடுகிறதா என்று பார்க்க.

அப்பா இறந்து ஏழு மாதம் ஆகிறது. இரைச்சல் கேட்டால் அம்மா இன்னும் எழுந்து போகிறார். காலிக் கட்டிலைப் பார்த்துவிட்டு வந்து உட்காருகிறார்.

இன்று மதியம் கரண்ட் போனதை இன்வெர்ட்டரில் எரிந்த விளக்கைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். ஃபேன் நிற்கவில்லை. கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மாவும் எழவில்லை. எனக்கு நிம்மதியாக இருந்தது.

நாலு மணிக்குப் பக்கத்து வீட்டு அக்கா வந்தார். “ரெண்டு மணி நேரம் கழிச்சு இப்பத்தான் கரண்டு வந்துருக்கு.”

அம்மா என்னைப் பார்த்தார். “எனக்குத் தெரியலையேடா. ரெண்டு மணி நேரமா அவுகளப் போயிப் பாக்காம இருந்துட்டேனே.”

பழையதில் என்ன குறை என்று காலையில் கடைக்காரர் கேட்டார். சத்தம் என்று சொல்லித்தான் கொடுத்தேன்.

நாளைக்குப் போய் அதையே திருப்பிக் கேட்க வேண்டும். என்ன காரணம் சொல்லலாம், யாராவது சொல்லுங்கள்.