மூன்றடி ஏழு அங்குலம்

சென்ற மாதம் மலாக்கா பாச்சாங்கில் என் தங்கை இறந்தபோது, சவப்பெட்டிக்கு ஏற்பாடு செய்தவர் தொலைபேசியில் அவளுடைய உயரத்தைக் கேட்டார். மூன்றடி ஏழு அங்குலம் என்று வாய்வரை வந்துவிட்டது. அறுபத்திரண்டு வயதில் இறந்த ஒருத்திக்குச் சொல்லக்கூடிய அளவல்ல அது. தெரியவில்லை என்று சொல்லிவிட்டு, தொலைபேசியை அவள் மகனிடம் கொடுத்தேன். அவளுடைய உயரம் என் வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் எனக்குத் துல்லியமாகத் தெரிந்திருக்கிறது.

அப்போது நாங்கள் டுரியான் துங்காலை ஒட்டிய ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். அப்பா தோட்டத்துத் தச்சர். கதவு, சன்னல், பள்ளிக்கூட பெஞ்சு எல்லாம் அவர் வேலை; யாராவது இறந்தால் பெட்டியும் அவர்தான் செய்வார். அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, மலாக்கா டவுனில் ஓர் இரும்புச் சாமான் கடையில் வேலை பார்த்தார். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கடைக்குப் புதிதாக வந்த தச்சுக் கருவிகளைச் சாக்கில் கட்டிக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்குவார். வீட்டு முன்னால் இருந்த தகரக் கொட்டகையில் அவற்றைப் பரப்பிவைப்பார். யாரும் எடுத்து இழைத்துப் பார்க்கலாம், அறுத்துப் பார்க்கலாம். பிடித்தால் சொல்லி அனுப்பலாம். அம்மா வடை சுடுவார். வருகிறவர்களில் பாதிப் பேருக்கு ஆணி அடிக்கவும் தெரியாது; ஆனாலும் ஒரு விசேஷ வீட்டுக்கு வருவதைப்போல் குளித்து, தலைசீவி வருவார்கள்.

அன்று தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி ஐயா இழைப்புளியைக் கையில் எடுத்ததும் லாரி டிரைவர் ஆரம்பித்தார்.

"ஐயா, பேனா புடிக்கிற மாதிரி புடிக்கிறீங்க. அது பலக லா, காயிதம் இல்ல."

"நீ லாரி ஓட்டுற லட்சணத்துக்கு இத உன் கையில குடுத்தா, பலக கால்வாயிலதான்டா கெடக்கும்."

கொட்டகை சிரித்து அடங்கும்வரை மாமா காத்திருந்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து ஓர் எஃகு அளவு நாடாவை எடுத்தார். இழுத்தால் நீண்டது, விட்டால் தானாகவே உள்ளே ஓடி மறைந்தது. அதற்குமுன் நாங்கள் அப்படியொன்றைக் கண்டதில்லை. அப்பா அப்போது பின்கட்டில் வேறொரு பலகை எடுக்கப் போயிருந்தார்.

"ஆளையே அளந்து அறுத்துக் காட்டுறேன். ஒரு மயிரிழ பிசகுனா ரம்பத்த இங்கயே போட்டுட்டுப் போயிடுறேன்" என்ற மாமா, ஆறு வயதுத் தங்கையைத் தூக்கி மெராந்தி மரப் பலகையின்மேல் மல்லாக்கப் படுக்கவைத்தார். உச்சந்தலையில் ஒரு பென்சில் கோடு, குதிகாலில் ஒன்று. கூச்சம் தாளாமல் அவள் நெளிந்தாள். "ஆடாத கண்ணு" என்றார். நாடாவை நீட்டி, மூன்றடி ஏழு அங்குலம் என்று உரக்கப் படித்தார். அறுத்து முடித்ததும் அவளை மீண்டும் அதன்மேல் கிடத்தினார். ஓரங்கள் இம்மியும் பிசகவில்லை.

கிராணி ஐயா இழைப்புளியைக் கீழே வைத்துவிட்டார். நாடாவின் அதிசயத்தில் எல்லோரும் மறந்திருந்தது அப்போதுதான் அவர்கள் நினைவுக்கு வந்தது. எங்கள் தோட்டத்தில் படுத்திருப்பவரை அளந்து பலகை அறுப்பது ஒரே ஒரு காரியத்துக்குத்தான். அப்பா ஒரு மூங்கில் பிளாச்சைத் தலைமுதல் பாதம்வரை வைத்து முறித்துக்கொள்வார்; பெட்டி மூடும்போது அந்தப் பிளாச்சும் உள்ளே போகும். அப்படி அறுத்த பலகையை எரிக்கக்கூடாது, பிளக்கக்கூடாது. அளவுக்குரிய ஆளை அது தேடும் என்பார்கள். டவுனிலேயே வளர்ந்த மாமாவுக்கு இது தெரியாது.

அப்பா வந்தார். கையிலிருந்த பலகையை மெதுவாகக் கீழே வைத்தார்.

"யாரப் படுக்க வச்ச, மாப்ள?"

மாமாவின் முகத்தில் சிரிப்பு இன்னும் கலையாமல் இருந்தது. வடையைத் தொடாமல் எல்லோரும் எழுந்து போனார்கள்.

அந்த வாரம் அம்மா தங்கையை நீட்டிப் படுக்க விடவில்லை. முழங்காலுக்குக் கீழே தலையணையைச் செருகி, அவளை மடக்கியே தூங்கவைத்தார். பலகை பின்சுவரில் சாய்ந்திருந்தது. தங்கை அடிக்கடி போய் அதில் முதுகை ஒட்டி நின்று, "இன்னும் என் அளவுதான்" என்று வந்து சொல்வாள். புதன்கிழமை மதியம் அவளைக் காணவில்லை. தேடிப் போனபோது, பலகை தரையில் கிடந்தது. அவள் அதன்மேல் கண்ணை மூடிப் படுத்திருந்தாள்.

"நான் எடுத்துப் போடல, அம்மா. அதுவே படுத்திருந்துச்சு."

பலகை வழுக்கி விழுந்திருக்கலாம். ஆனால் விழுந்த சத்தம் வீட்டில் யாருக்கும் கேட்கவில்லை. அன்று மாலையே அவளுக்குக் காய்ச்சல் கண்டது. தோட்டத்து டிரஸ்ஸர் கொடுத்த மருந்துக்கு அது இறங்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, அப்பா மாமாவை டவுனிலிருந்து வரவழைத்து, அதே ஆட்களைக் கொட்டகைக்கு அழைத்தார். தங்கையின் பலகையோடு இன்னொரு துண்டை, இரண்டின் நுனியையும் பாதிக் கனத்துக்குச் செதுக்கிப் பொருத்தி, பசையிட்டு இறுக்கி வைத்திருந்தார். சட்டையைக் கழற்றிவிட்டு அதன்மேல் படுத்தார்.

"அள, மாப்ள."

"வேணாம் மச்சான். கால்ல விழுறேன், வேணாம்."

"புள்ள உள்ள அனத்துறா. அள."

மாமா அழுதுகொண்டே கோடு போட்டார். அப்பா எழுந்து, மிஞ்சிய நுனியைத் தானே அறுத்தார். பிறகு புது இழைப்புளியைக் கிராணி ஐயாவிடம் நீட்டினார். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு, இணைப்பின்மேல் ஒரே ஒரு இழுப்பு இழைத்தார். அடுத்து டிரைவர். ஒவ்வொருவராக வந்தார்கள், யாரும் யாரையும் கேலி செய்யவில்லை.

ஓர் அளவை அழிக்க வேறொருவர் மனமொப்பிப் படுக்கவேண்டும்; முதல் அளவைக் கண்ணால் கண்ட அத்தனை பேரும் இழைத்து அந்த இணைப்பை மறைக்கவேண்டும். இதை அம்மா எனக்குச் சொன்னது வெகுகாலம் கழித்து. தங்கைக்கு மறுநாள் வியர்த்துக் காய்ச்சல் விட்டது, காய்ச்சல்கள் விடக்கூடியவைதாம். அடுத்த மழைக்காலம் முடிவதற்குள் அப்பா இறந்தார். ஈரலில் நோய் முன்பே இருந்தது என்று மருத்துவமனையில் சொன்னார்கள். நான் அறிவியல் படித்தவன். இரண்டையும் இணைத்து எழுத எனக்கு உரிமையில்லை. பிரித்து எழுதவும் வரவில்லை.

இழைத்த அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு எட்டு வயது. பெரியவர்கள் எல்லோருக்கும் இழைக்கக் கிடைத்தது, எனக்கு மட்டும் இல்லை என்று அப்பாவின் வேட்டியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தேன். அதற்குமுன் ஒருநாளும் அவர் என்னை இழைப்புளியைத் தொட விட்டதில்லை. முதல் அளவைப் பார்த்தவர்களில் இழைக்காமல் கடைசியாக நான் ஒருவன்தான் மிச்சமிருந்தேன். அவர் என் முகத்தையே கொஞ்சநேரம் பார்த்தார். இழைப்புளியை என் கையில் வைத்து, "அழுத்தாம, நேரா தள்ளு, ஐயா" என்றார். மற்றவர்கள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

என் பலத்தையெல்லாம் கூட்டித் தள்ளினேன். சீவல் அறுபடாமல் ஒரே சுருளாக வந்தது. விரலால் தடவிப் பார்த்தேன். இணைப்பு இருந்த இடமே தட்டுப்படவில்லை. சுருளை உயர்த்திப் பிடித்து எல்லோருக்கும் காட்டினேன். ஒருவர்கூடக் கைதட்டவில்லை. அந்தக் கோபத்தில் இரண்டு நாள் நான் அப்பாவோடு பேசவில்லை.